அங்கணக்குழி எழுந்து நின்ற கதை

குற்றாலத்து ஐந்தருவிச் சாலையிலும் இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை என்று அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இரண்டு தலைமுறைக்கு முன் கட்டிய ஓட்டு வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டின் அடுக்களைக்குள் போனால் ஒரு மூலையில் தரை நாலு விரல்கடை தாழ்ந்திருக்கும். இரண்டு மூன்று அடிச் சதுரம். தண்ணீர் வெளியே வழியாதபடி சுற்றிலும் சின்னத் திண்டு. உள்ளே கல் பாவிய தளம் சுவரை நோக்கிச் சரிந்திருக்கும். சரிவு முடிகிற இடத்தில் சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்குத் துளை. இதுதான் அங்கணக்குழி. இன்று கடைகளில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் எவர்சில்வர் சிங்க்குக்கு எங்கள் பக்கத்து மூதாதை.

அந்தக் குழியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அதில் ஒரு முழு ஏற்பாடு இருந்தது. சோறு வடித்த கஞ்சியும் அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலும் அங்கணத்துக்கு வரவே வராது. அவை கழுநீர்ப் பானைக்குப் போய் அங்கிருந்து மாட்டுக்குப் போகும். சட்டியில் ஒட்டிய மிச்சத்தை வழித்தெடுத்த பிறகே பாத்திரம் குழிக்கு இறங்கும். அடுப்புச் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்ப்பார்கள். விறகுச் சாம்பலில் காரம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கோடு அது சேரும்போது சவர்க்காரம் போல ஒரு பொருள் அங்கேயே உருவாகிப் பிசுக்கு கழன்றுவிடும். பித்தளைக்கும் செம்புக்கும் புளி. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். அலசுவதற்கு ஒரு செம்புத் தண்ணீர், மறு அலசலுக்கு இன்னொரு செம்பு. குடத்தில் இடுப்பில் சுமந்து வந்த தண்ணீர் ஆகையால் அதற்கு மேல் யாரும் ஊற்றுவதில்லை. சுவர்த் துளை வழியே வெளியேறும் தண்ணீர் நேரே வாழை மூட்டுக்குப் போகும். மலையடிவார ஊர், மழைக்குக் குறைவில்லை; ஆனாலும் வீட்டுக்குள் இருந்த தண்ணீர் சுமந்து வந்த தண்ணீர்தான்.

எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. அந்தக் குழிக்குள் குத்தவைத்துத்தான் உட்கார வேண்டும். காலடியில் ஈரம், மடங்கிய முழங்கால், முன்னுக்கு வளைந்த முதுகு. கனத்த வெண்கலப் பானையையும் உருளியையும் அந்த நிலையில் புரட்டிப் புரட்டித் தேய்த்த பெண்களின் இடுப்பு நாற்பது வயதுக்குள்ளேயே என்ன ஆகியிருக்கும் என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எழுந்திருக்கும் விதத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன். குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு விருந்தோம்பல் தமிழ் இலக்கிய உலகில் பெயர் பெற்றது. ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கி உண்டவர்கள். அந்த விருந்துகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் பந்தியை விட்டு அடுக்களைக்குப் போய்விடும். அத்தனை பாத்திரங்களையும் எங்கே உட்கார்ந்து யார் விளக்கியிருப்பார்கள்?

விருந்தாளிகள் சாப்பிட்டது இலையில். இது சின்ன விவரம் போலத் தோன்றும். சிங்க்கின் கதையில் இதுதான் பெரிய விவரம். நம் அடுக்களையில் கழுவ வேண்டியிருந்தவற்றில் தட்டுகள் குறைவு, சமைத்த பாத்திரங்கள் அதிகம். வாயகன்ற சட்டி, இட்லிக் கொப்பரை, தவலை, அண்டா. பின்னால் வந்த தொட்டிகளோ வேறு ஊரில், வேறு சாப்பாட்டுக்கு, தட்டுகளைக் கழுவுவதற்கென்று பிறந்தவை. அந்த முரண்பாடு இன்றைக்கும் நம் வீடுகளில் தீரவில்லை.

அங்கணம் எவ்வளவு பழையது என்பதற்கு வள்ளுவரே சாட்சி. அவையறிதல் அதிகாரத்தில் அங்கணத்தில் கொட்டிய அமிழ்தத்தை உவமையாக எடுக்கிறார். கீழடி அகழாய்வில் சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. தண்ணீரை ஒரு பாதையில் செலுத்துவது நமக்குப் புதிதல்ல. தொட்டியைத் தரையிலிருந்து இடுப்புக்குத் தூக்குவதுதான் இங்கே வெகுகாலம் நடக்காமல் இருந்தது.

ஐரோப்பாவில் அது முன்னமே நடந்துவிட்டது. அங்கே அடுப்பும் மேசையும் நின்று வேலை செய்யும் உயரத்தில் இருந்தன. கழுவும் தொட்டியும் கல்லில் குடைந்து அதே உயரத்தில் சுவரோரம் வைக்கப்பட்டது. பிறகு பீங்கான் பூச்சுக் கொடுத்த கனத்த வெள்ளைத் தொட்டிகள் வந்தன. இதற்கிடையே 1775-ல் லண்டன் கடிகாரக் கைவினைஞர் அலெக்சாண்டர் கமிங் கழிப்பறைக்காக ஒரு வளைந்த குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். சாக்கடை நாற்றம் அந்தத் தண்ணீரைத் தாண்டி மேலே வராது. இன்று சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் வளைவும் அதே தத்துவம்தான். இந்த ஒரு வளைவு இல்லாவிட்டால் சாக்கடையோடு இணைந்த ஒரு தொட்டியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு சமைக்கவே முடியாது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1926. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகராட்சி தொழிலாளர்களுக்கு மலிவான குடியிருப்புகளைக் கட்டியது. அவற்றின் சமையலறையை வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற இளம் பெண் கட்டடக் கலைஞர். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம்; அவ்வளவுதான் அறை. அதற்குள் ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எதை எடுக்க எங்கே திரும்புகிறாள் என்று கணக்குப் போட்டுத் தொட்டியையும் வடிபலகையையும் அலமாரியையும் பொருத்தினார். அப்படிப்பட்ட சமையலறைகள் சுமார் 10,000 அமைக்கப்பட்டன. அதுவரை பெரும்பாலும் தொட்டி என்பது தண்ணீர் பிடித்துவைக்கும் ஒரு பொருள். அவர் கையில் அது வேலையின் ஒரு கட்டமாயிற்று. கழுவுவதற்கு முன் என்ன, கழுவிய பின் பாத்திரம் எங்கே போகும் என்ற கேள்விகள் வடிவமைப்புக்குள் வந்தன. 1940-களில் பின்லாந்தின் மைஜு கெப்ஹார்ட் இன்னும் ஒரு படி போனார். தொட்டிக்கு நேர் மேலே அலமாரி. அதன் அடித்தட்டுக்குப் பதிலாகக் கம்பிகள். கழுவிய தட்டைத் துடைக்காமல் அங்கேயே செருகிவிட்டால் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தொட்டிக்கே விழும், தட்டு இருந்த இடத்திலேயே காயும். நம் ஊர் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டைத் தொட்டிக்கு எதிர்ச் சுவரில் மாட்டி, வழியெல்லாம் ஈரம் சொட்ட நடக்கும் வீடுகளைப் பார்க்கும்போது இந்த அம்மையாரை நினைத்துக்கொள்வேன். ஸ்டாண்டு தொட்டிக்கு மேலே இருக்க வேண்டும். அவ்வளவு எளிய விஷயம்.

நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத எஃகை இங்கிலாந்தின் ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-ல் உருக்கினார். அது மேலைநாட்டுச் சமையலறைத் தொட்டிகளில் பரவலாகச் சில பத்தாண்டுகள் ஆயின.

நம் பக்கம் தொட்டியை எழுப்பியது எஃகும் அல்ல, கட்டடக் கலைஞரும் அல்ல. எரிவாயு அடுப்பு. விறகடுப்பு இருந்தவரை அடுக்களை முழுவதும் தரையில்தான் இருந்தது. அம்மி தரையில், ஆட்டுரல் தரையில், அரிவாள்மணை தரையில். தொட்டியை மட்டும் தூக்கி வைத்தால் அதற்கென்று எழுந்து போய்த் திரும்பி வந்து உட்கார வேண்டும். யாருக்கு அது வசதி? எரிவாயு அந்தத் தரையையே மாற்றியது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஒரு மேடை கட்டியே ஆக வேண்டும். இந்தியன் ஆயில் இண்டேன் என்ற பெயரில் 1965-ல் கல்கத்தாவில் முதல் இணைப்பைக் கொடுத்தது. அது சிற்றூர்களுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. 2006-ல் அமைந்த தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக எரிவாயு அடுப்பு கொடுத்தபோதும், 2016-ல் உஜ்வலா திட்டம் வந்தபோதும்தான் பல வீடுகளில் முதன்முதலாக ஒரு கடப்பைக் கல் மேடை முளைத்தது. அடுப்பு மேலே ஏறியது. கூடவே அரிவாள்மணை கத்தியாகி மேலே ஏறியது, ஆட்டுரல் மிக்ஸியும் கிரைண்டருமாகி மேலே ஏறியது. கடைசியாக அங்கணக்குழியும் ஏறியது. நின்று சமைப்பவள் கழுவுவதற்கு மட்டும் ஏன் குத்தவைக்க வேண்டும்?

குழாய் இல்லாமலும் அது நடந்திருக்காது. குடத்துத் தண்ணீரை இடுப்புயரத் தொட்டிக்குள் ஒரு கையால் சாய்த்துக்கொண்டு மறு கையால் தேய்க்க முடியாது. மொட்டைமாடியில் ஒரு டேங்க், அதிலிருந்து இறங்கும் குழாய். இது வந்த பிறகுதான் தொட்டிக்கு அர்த்தம் வந்தது.

முதல் தொட்டிகளைக் கொத்தனாரே கட்டினார். செங்கல் வைத்து சிமென்ட் பூசியது, கொஞ்சம் வசதியானவர்கள் வீட்டில் மொசைக் தேய்த்தது. கனமான பாத்திரத்தைப் போட்டாலும் தாங்கும்; ஆனால் புளியும் எலுமிச்சையும் சிமென்டை அரித்துவிடும், சொரசொரப்பான மூலைகளில் பாசி பிடிக்கும். அடுத்து வெள்ளைப் பீங்கான். ராணிப்பேட்டையிலும் வடலூரிலும் பீங்கான் ஆலைகள் இருந்தும் அடுக்களையில் அது நிலைக்கவில்லை. காரணம் நம் பாத்திரங்கள்தான். வெண்கலப் பானை கை தவறினால் பீங்கானில் சில்லு பெயரும். கண்ணாடி கிளாஸ் அதில் விழுந்தால் கிளாஸ் உடையும். பீங்கான் கைகழுவும் பேசினாக மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

எவர்சில்வர் தொட்டி வென்றது எவர்சில்வர் பாத்திரம் வென்றதால். பித்தளைப் பாத்திரங்கள் பரணுக்குப் போன அதே காலத்தில் சிமென்ட் தொட்டிகள் உடைபட்டன. 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை அகலமான எவர்சில்வர் தகடுகளை உள்நாட்டிலேயே தரத் தொடங்கியது. ஒரே தகட்டை அச்சில் அழுத்திக் குழிவாக இழுத்துவிட்டால் இணைப்பே இல்லாத ஒரு தொட்டி. பாசி பிடிக்க இடுக்கு இல்லை, அரிக்கப் பூச்சு இல்லை. 1994-ல் வீட்டு உபயோக எவர்சில்வர் தொட்டிகளுக்கு ஐ.எஸ். 13983 என்று இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது.

அதே வேளையில் தேய்க்கும் பொருளும் மாறியாக வேண்டியிருந்தது. சாம்பலும் நாரும் சுவர்த் துளை வழியே வாழைக்குப் போனால் உரம். வளைந்த குழாய்க்குள் போனால் அடைப்பு. அதனால் சபீனா போன்ற தூள், பிறகு சோப்புக் கட்டி, பிறகு திரவம் என்று படிப்படியாகக் கரைசலை நோக்கி நகர்ந்தன. தொட்டியின் வாயில் உட்காரும் சல்லடைக் கூடையும் அடைப்பின் பிள்ளைதான். கழுநீர்ப் பானை போன பிறகு பருக்கையும் கறிவேப்பிலையும் தேங்காய்த் துருவலும் தொட்டிக்கே வரத் தொடங்கின; அவற்றைப் பிடிக்க ஒரு கூடை தேவைப்பட்டது.

தட்டுக்கென்று பிறந்த தொட்டியில் நம் சமையல் பாத்திரங்களைக் கழுவும் அந்த முரண்பாட்டுக்கு இப்போது வருகிறேன். கடைக்குப் போனால் இரட்டைத் தொட்டியைத்தான் உயர்ந்த பொருளாகக் காட்டுகிறார்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீரைத் தேக்கித் தட்டுகளைக் கழுவி, அடுத்ததில் நல்ல தண்ணீரைத் தேக்கி அலச வேண்டும் என்பது அதன் யோசனை. தட்டும் கிண்ணமும் கரண்டியுமாகச் சாப்பிடும் வீட்டுக்கு அது மிகச் சரி. நாமோ தேங்கிய தண்ணீரில் பாத்திரம் அலசுவதை ஏற்பதில்லை. ஓடும் தண்ணீரில்தான் கழுவுவோம். இரண்டாகப் பிரித்ததில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் அடிக்குச் சுருங்கிவிடுகிறது. அதற்குள் இட்லிக் கொப்பரை இறங்காது, தோசைக்கல் படுக்காது, கிரைண்டர் பாத்திரத்தைத் திருப்ப முடியாது. கடைசியில் ஒரு தொட்டியில் கழுவிக்கொண்டு மற்றதில் அழுக்குப் பாத்திரத்தைக் குவித்து வைக்கிறோம். இரண்டடிக்கு ஒன்றரை அடியாக ஒரே பெரிய தொட்டி, பக்கத்தில் ஒரு வடிபலகை: தமிழ் அடுக்களைக்கு இதுவே போதும், இதுவே சரி என்பது என் முடிவான கருத்து.

ஆழத்திலும் இப்படியே. அண்டா மறைய வேண்டும், தண்ணீர் மேலே தெறிக்கக் கூடாது என்று பத்து அங்குல ஆழம் கேட்கிறார்கள். கை வேலை செய்வது விளிம்பில் அல்ல, அடித்தட்டில் என்பதை மறந்துவிடுகிறோம். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணின் முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடியில் இருக்கிறது. 33 அங்குல மேடையில் பத்து அங்குலத் தொட்டியைப் பதித்தால் அவள் கை 23 அங்குலத்துக்கு இறங்க வேண்டும். முதுகு வளையாமல் அது நடக்காது. அங்கணக்குழியிலிருந்து எழுந்தவளை மறுபடி குனியவைத்தது போல ஆகிறது. காய் நறுக்கும் மேடையைவிடக் கழுவும் இடத்தை மட்டும் இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி, எட்டு அங்குல ஆழத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேடை ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று கொத்தனார் சொல்வார். அழகுக்காகச் சொல்கிறார்.

காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர் காட்டினால் அதை நம்பிவிட வேண்டாம். நல்ல எவர்சில்வரான 304 ரகத்தில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. துரு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஊறுகாய் உப்பும் பிளீச்சிங் பவுடரும் நல்ல ரகத்தைக்கூடப் புள்ளி புள்ளியாக அரிக்கும்; இரவு முழுக்கத் தொட்டியில் ஊறவிடக் கூடாது. தகடு மெலிதாக இருந்தால் தண்ணீர் விழும் ஓசையே தலைவலியாகிவிடும். 1 மில்லிமீட்டர் கனமும் அடியில் ஒட்டிய ரப்பர் அட்டையும் அதைத் தணிக்கும். கூரிய மூலைகளோடு சதுரமாகப் பற்றவைத்த தொட்டிகள் இப்போது நாகரிகம். பார்க்க அழகு, ஆனால் அந்த மூலையில் பருக்கை சிக்கினால் விரலால் தோண்ட வேண்டும். உருண்ட மூலை, தண்ணீர் தானே ஓடும்படி சரிந்த அடி, பின்சுவரை ஒட்டித் தள்ளி வைத்த துளை. இந்த மூன்றையும் பார்த்து வாங்கினால் போதும். துளை நடுவில் இருந்தால் பெரிய பாத்திரம் அதை மூடிக்கொள்ளும், தண்ணீர் நிற்கும். 1979-ல் ஜெர்மனியின் ஷாக் நிறுவனம் கொண்டுவந்த குவார்ட்ஸ் கல்தூள் தொட்டிகள் ஓசையே எழுப்பாதவை; இந்தியாவில் குஜராத்தின் பவநகரில் தயாராகின்றன. ஆனால் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் கறுப்புத் தொட்டி வாங்கினால் வெள்ளைத் திட்டுகளைத் துடைத்தே கை ஓயும்.

பெரும்பாலான வீடுகளில் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் கமிங்கின் வளைவு இருக்காது. மடிப்பு மடிப்பான ஒரு பிளாஸ்டிக் வேஸ்ட் பைப் நேராக இறங்கித் தரைத் துளைக்குள் செருகப்பட்டிருக்கும். கரப்பான் வருகிறது, நாற்றம் அடிக்கிறது என்று மருந்து தெளிப்பார்கள். அந்த வளைவைப் போலத் தண்ணீர் தங்கும் ஒரு பாட்டில் ட்ராப் மாட்டினால் தீர்ந்தது. அது கிடைக்காத வரை அந்த பிளாஸ்டிக் குழாயையே ஒரு சுற்று வளைத்துக் கட்டிவிட்டால் வளைவில் தண்ணீர் நின்று கதவடைக்கும்.

தொட்டி உயர்ந்ததில் நாம் இழந்தது ஒன்று உண்டு. தண்ணீர் எங்கே போகிறது என்று இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. சாதாரணச் சமையலறைக் குழாயை முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் அளவுக்குக் கொட்டும். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். ஐந்தரை நிமிடம் குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தால் ஓர் ஆளின் நாள் தண்ணீர் காலி. காற்றைக் கலந்து விடும் சிறு சல்லடைமூடியைக் குழாய் வாயில் திருகினால் இதில் பாதி மிஞ்சும். குற்றால அருவிகளில் சோப்பும் ஷாம்பும் தேய்க்கத் தடை இருக்கிறது, நல்ல தடை. ஆனால் அருவிக்கரை வீடுகளிலும் சீசனுக்கு வாடகைக்கு விடும் அறைகளிலும் பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் வாறுகால் வழியாகச் சிற்றாற்றுக்குத்தான் போகிறது. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. கீழே அதைக் குடிக்கும் ஊர்கள் இருக்கின்றன. கொல்லையில் நாலடி நீளத்துக்குக் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, கல்வாழை நட்டு, தொட்டித் தண்ணீரை அதில் விட்டால் வேர்களும் மணலும் பெருமளவு வடிகட்டிவிடும். பழைய அங்கணத்தின் வாழை மூடுதான் இது, கொஞ்சம் கணக்கோடு செய்தது.

கடைசியாக, இடுப்புயரத்துக்கு வந்த இந்த வசதி எல்லோருக்கும் வந்துவிடவில்லை. புதிதாகக் கட்டிய பல வீடுகளில் உள்ளே பளபளக்கும் தொட்டி இருக்கும். புறவாசலில் துவைகல்லுக்குப் பக்கத்தில் தரையோடு ஒரு சிமென்ட் சதுரமும் இருக்கும். பெரிய பாத்திரங்களும் எச்சில் தட்டுகளும் அங்கே போகும். வேலைக்கு வரும் அக்கா வெயிலிலும் சாரலிலும் அங்கே குத்தவைத்து விளக்குவார், ஒரு நாளில் மூன்று நான்கு வீடுகளுக்கு. பழைய அங்கணக்குழி அவருக்கு மட்டும் இன்னும் தரையிலேயே இருக்கிறது. இதைச் சரிசெய்யப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை: இரண்டு செங்கல் தூண், ஒரு கடப்பைக் கல், உள்ளே இருப்பதைவிடப் பெரிதாக ஓர் எவர்சில்வர் தொட்டி, ஒரு குழாய், மேலே தகரக் கூரை. உயரத்தைக் குறிக்கும்போது கொத்தனார் அந்த அக்காவை நிற்கவைத்து, அவர் முழங்கையிலிருந்து அளந்து கோடு போட வேண்டும்.